உள்ளூர் ஆட்டக்காரன்

கார்சன் ஃபால்ஸ்
அக்டோபர் 9, 1988

அன்புள்ள சின்னம்மா,

நான் சுகம். உங்கள் தோள்பட்டை வலி குறைந்ததா, சித்தப்பா சர்க்கரை மாத்திரையை மறக்காமல் விழுங்குகிறாரா என்று எழுதுங்கள். இங்கே இன்னும் பனி விழவில்லை. ஆனால் காலையில் காரின் கண்ணாடியைச் சுரண்ட வேண்டியிருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. நம் டெல்மரைப் பயனியர்ஸ் கூடைப்பந்து அணியில் எடுத்துவிட்டார்கள்.

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் எனக்கு இது இரண்டாவது வருஷம். போன வருஷம் பாதி நாட்கள் நாற்காலிகள்தான் ஆட்டம் பார்த்தன. ஜன்னலில் உட்கார்ந்து நாவல் நாவலாகப் படித்து முடித்தேன். ஆட்டக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பெரிய லீக்கிலிருந்து எப்போது அழைப்பு வரும் என்று பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். ஊர்க்காரர்கள் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் போயும் விடுகிறார்கள். மேனேஜர் கெஸ்லர் ஒரு நாள் என் மேஜை மேல் சாய்ந்துகொண்டு, "நம்ம பக்கத்து முகம் ஒண்ணு வேணும் வெர்னா. ரேடியோவுல பேரைச் சொன்னா வீட்ல இருக்கவன் எழுந்து கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பணும்" என்றார். "எங்க சின்னம்மா பையன் டெல்மர் இருக்கான்" என்றேன்.

அவர் டெல்மரின் உயரத்தைக் கேட்கவில்லை. "உங்க ஊர்லேர்ந்து எத்தனை பேர் வருவாங்க?" என்றுதான் கேட்டார். "ஊர்ல விளக்கை அணைச்சுட்டு வருவாங்க" என்றேன். சிரித்தார்.

தேர்வுக்கு வந்தவர்களில் தூரத்திலிருந்து எறிவதில் டெல்மரை யாரும் மிஞ்சவில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவன் என் அறைக்குப் பக்கத்துத் தெருவில் தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் சாப்பாடு.

உங்கள்
வெர்னா


பாப்லர்
அக்டோபர் 17

வெர்னா கண்ணு,

நாங்கள் எல்லோரும் நலம். தோள்பட்டை அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

உன் கடிதத்தைப் பள்ளிச் சமையற்கூடத்திலேயே பிரித்துவிட்டேன். கையெல்லாம் மாவு. சத்தம் போட்டுப் படித்தேன். மார்செல்லா கரண்டியால் பானையைத் தட்டினாள், பிள்ளைகள் வரிசையை விட்டு ஓடி வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்காக டெல்மர் கோப்பை வாங்கி வந்த வருஷம் நெடுஞ்சாலையில் இருபுறமும் கார்கள் நின்று விளக்குப் போட்டனவே, அதற்குப் பிறகு இந்த ஊர் இப்படிச் சத்தம் போட்டதில்லை. சாலை வேலையில் தார் வாளி தூக்கிக்கொண்டே கிழவனாகிவிடுவானோ என்று நினைத்திருந்தேன்.

உன் சித்தப்பா வெண்டல் என்ன சொன்னார் தெரியுமா? "பயனியர்ஸா? மாட்டு வண்டி கட்டிக்கிட்டு நம்ம பழங்குடி நிலத்துக்குள்ள வந்த வெள்ளைக்காரனுங்க பேராச்சே அது! போகட்டும், இந்தத் தடவை நாம பஸ் கட்டிக்கிட்டு அவனுங்க எடத்துக்குப் போவோம்."

நான் இப்போது வரமாட்டேன். வெறுங்கையோடு வந்து உட்கார எனக்கு மனமில்லை. நம் பிள்ளையை மதித்தவர்களுக்கு நாம் நம் வழக்கப்படி நட்சத்திரம் தைத்த போர்வை போர்த்த வேண்டும், எதிரணிக்கும் போர்த்த வேண்டும். பள்ளி ஆட்டத்துக்கே அப்படிச் செய்தோம், இதற்குச் செய்யாமல் விடுவோமா? துணி வெட்ட ஆரம்பித்துவிட்டேன். பயிற்சியாளர் எவ்வளவு உயரம் என்று எழுது.

நீ இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. அக்கா இருந்திருந்தால் உன்னைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.

உன் சின்னம்மா
யூனிஸ்


கார்சன் ஃபால்ஸ்
நவம்பர் 21

அன்புள்ள சின்னம்மா,

சுகம்தானே? எனக்கு லேசாகச் சளி. நீங்கள் அனுப்பிய ஜூன்பெர்ரி ஜாமை டெல்மரும் நானும் கரண்டியாலேயே தின்று தீர்த்தோம்.

முதல் உள்ளூர் ஆட்டம் முடிந்தது. நம் ஊரிலிருந்து மூன்று பஸ். டிக்கெட் கிழித்துக் கிழித்து என் விரல் வீங்கிவிட்டது. பெயர் சொல்லும்போது, அறிவிப்பாளர் மற்றவர்களின் பெயரைப் படித்தார். டெல்மரின் பெயரைப் பாடினார். கூரை இடிந்துவிடும் போலிருந்தது. ஆட்டம் நம் பக்கம் உறுதியான பிறகு, கடைசியில் அவனை இறக்கினார்கள். ஒரே ஒரு முறை எறிந்தான். கூடையில் விழுந்தது. பஸ்ஸில் வந்தவர்கள் அதைப் பற்றித்தான் வீடு வரை பேசியிருப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பயிற்சியாளர் ஹெய்ன்ஸ் புதியவர்களை மெதுவாகத்தான் இறக்குவாராம். அவர் ஆறடிக்கு மேல் இருப்பார். போர்வைக்கு அவசரம் வேண்டாம், பருவம் நீளமானது.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பனி வந்துவிட்டது. ஆற்றோரம் உறைய ஆரம்பித்திருக்கிறது.

உங்கள்
வெர்னா


பாப்லர்
டிசம்பர் 4

வெர்னா கண்ணு,

சளி விட்டதா? வெங்காயத்தை வேகவைத்துக் குடி. இங்கே குளிர் மூக்கைக் கிள்ளுகிறது. உன் சித்தப்பாவின் வண்டி கிளம்ப மறுக்கிறது, அவரும் அப்படித்தான்.

ஒவ்வொரு ஆட்டத்தையும் ரேடியோவில் கேட்கிறோம். அந்த அறிவிப்பாளர் டெல்மரின் பெயரை எத்தனை முறை சொல்கிறான்! வெளியே இருக்கிறான், துண்டை எடுத்துக்கொடுத்தான், கை தட்டினான் என்று எல்லாம் சொல்கிறான். பந்து மட்டும் அவன் கைக்கு வருவதில்லை. மார்செல்லாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன யூனிஸ், உன் புள்ள பெஞ்சைத் தேய்ச்சே பளபளப்பாக்கிட்டானாமே!" என்றாள். சமையற்கூடமே சிரித்தது.

கணுக்கால் வலி, அதனால்தான் இறக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கணுக்கால் இப்போது எப்படி இருக்கிறது? நீ பக்கத்தில் இருப்பவள், பார்த்து உள்ளதை எழுது. தடவுவதற்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் சின்னம்மா
யூனிஸ்


கார்சன் ஃபால்ஸ்
டிசம்பர் 19

அன்புள்ள சின்னம்மா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. விடுமுறைக் கால டிக்கெட் வேலை. நாங்கள் இருவரும் நலம்.

தைலம் கிடைத்தது. கணுக்கால் தேறி வருகிறது.

போர்வை விஷயத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப் போட்டால் என்ன? உங்கள் தோளுக்கும் ஓய்வு கிடைக்கும். இந்தக் குளிரில் அத்தனை தூரம் நீங்கள் வர வேண்டுமா என்று யோசிக்கிறேன்.

உங்கள்
வெர்னா


பாப்லர்
ஜனவரி 4, 1989

வெர்னா,

புது வருஷம் நல்லபடி பிறக்கட்டும். நாங்கள் நலம்.

தள்ளிப் போடுவது என்ற பேச்சே இல்லை. போர்வைகள் முடியும் நிலையில் இருக்கின்றன. சாப்பாட்டு மேஜையில் துணி, கட்டிலில் துணி. உன் சித்தப்பா சோபாவில் படுக்கிறார். "நட்சத்திரம் எல்லாம் வீட்டுக்குள்ள வந்துடுச்சு, நான் மட்டும் வெளியில" என்று தினமும் புலம்பல். மார்செல்லாகூட வந்து ஓரம் தைத்துக் கொடுத்தாள். சிரித்த வாயோடு தைத்தாள், ஆனால் தையல் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ஜனவரி 28 என்று உங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். முரசுக்காரர்களையும் கூட்டி வருகிறோம். போர்வைகள் எதிரணிக்கு, நடுவர்களுக்கு, பயிற்சியாளருக்கு. இன்னும் ஒன்று இருக்கிறது, அது யாருக்கு என்று இப்போது சொல்லமாட்டேன். அதைத்தான் முதலில் தைக்க ஆரம்பித்தேன்.

அதற்குமுன் எனக்கு ஏதாவது எழுத வேண்டியிருந்தால் எழுது.

உன் சின்னம்மா
யூனிஸ்


கார்சன் ஃபால்ஸ்
ஜனவரி 15

அன்புள்ள சின்னம்மா,

நலமா? இங்கே மைனஸ் இருபத்தைந்து. சாலையைப் பார்த்து வாருங்கள், போர்வைகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொள்ளுங்கள்.

கெஸ்லர் அந்த நாளுக்குப் "போர்வைத் திருவிழா" என்று பெயர் வைத்துச் சுவரொட்டி அடித்துவிட்டார். அதில் டெல்மர் பெரிதாக, பந்தோடு, தாவுகிற மாதிரி. ஒரு டிக்கெட்கூட மிச்சமில்லை. போர்வைகளில் ஒன்றைக் குலுக்கல் பரிசாக வைக்கலாமா என்று கேட்டார். "அது நாங்க குடுக்கறது. நீங்க குலுக்கறதுக்கு இல்ல" என்றேன். "சரி சரி, கோவப்படாதே" என்றார். இந்தக் குளிர்காலத்தில் நான் தைரியமாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் சொல்கிறேன்.

உங்கள்
வெர்னா


கார்சன் ஃபால்ஸ்
ஜனவரி 30

சின்னம்மா,

பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டீர்கள் என்று டெல்மர் சொன்னான். அதற்கு மேல் நலம் விசாரிக்க இன்று எனக்கு முகமில்லை.

நேரில் சொல்கிறேன் என்று எழுதியவள் சொல்லவில்லை. முரசு அடித்தபோது சொல்ல முடியவில்லை. நீங்கள் எதிரணி ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போர்த்திக்கொண்டே போனீர்கள். அந்த மிக உயரமானவன் உங்கள் கைக்கு எட்டுவதற்காக மண்டியிட்டான். சித்தப்பா, "ஏம்பா, உனக்கு ரெண்டு தைச்சிருக்கணும் போலிருக்கே" என்றதும் அவன் சிரித்துவிட்டு உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஹெய்ன்ஸுக்குப் போர்த்தியபோது அவர் உங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அடுத்தது ஒலிபெருக்கியில் என் பெயர்.

அரங்கின் நடுவுக்கு நான் எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. போர்வையின் இரண்டு முனைகளையும் என் கழுத்தடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நீங்கள் கொஞ்ச நேரம் விடாமல் நின்றீர்கள். "நன்றி சின்னம்மா" என்றேன். பிறகு நம் ஜனங்கள் வரிசையாக வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். மார்செல்லா என்னைக் கட்டிக்கொண்டு, "நீதாண்டி எங்க புள்ளைய உள்ள கொண்டு வந்தவ" என்றாள்.

ஆட்டம் கடைசி வரை இழுபறியாகவே போனது. நம்மவர்கள் டெல்மர், டெல்மர் என்று காலால் தரையை இடித்தார்கள். எதிரணி பெஞ்சில் போர்வையோடு உட்கார்ந்திருந்தவர்களும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் நிமிரவில்லை. ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். என் பின்னால் கெஸ்லர், "கேளு வெர்னா, இந்தச் சத்தத்தைக் கேளு! இதுக்குத்தான் அவன்!" என்றார். ஹெய்ன்ஸ் அவனை இறக்கவே இல்லை.

பஸ் அருகில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "காபி ஃப்ளாஸ்க் எங்கே வச்சேன்?"

நவம்பரில் ஒரு கூட்டம் நடந்தது என்று எழுதினேனே, அதில் ஹெய்ன்ஸ் சொன்னார்: "பையன் நல்லா எறியறான். ஆனா கால்ல வேகம் பத்தாது. ஜெயிக்கணும்னா அவனை இறக்க முடியாது." கெஸ்லர், "இறக்க வேணாம், உட்காரட்டும். பஸ் வர்ற வரைக்கும் உட்காரட்டும்" என்றார். என் பக்கம் திரும்பி, "அடுத்த ஆட்டத்துக்கு எத்தனை பஸ்?" என்று கேட்டார். நான் "மூணு" என்றேன்.

அந்த அறையில் நான் பேசியது அது ஒன்றுதான். மறுநாள் காலையில் நானே பஸ்காரருக்குப் போன் செய்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் செய்தேன். நீங்கள் கணுக்கால் என்று எழுதியபோது, டெல்மர் வெட்கப்பட்டு உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தேன். அதன் பின்னால் நானும் ஒளிந்துகொண்டேன்.

எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

வெர்னா


கார்சன் ஃபால்ஸ்
பிப்ரவரி 19

சின்னம்மா,

நீங்கள் எழுதவில்லை. நலமாக இருக்கிறீர்கள் என்று டெல்மர் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். இனி அதுவும் இல்லை. அவனை நேற்று அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு நம் ஊரிலிருந்து ஒரு பஸ்கூட வரவில்லை. கெஸ்லர் இரண்டு ஆட்டம் பார்த்தார், மூன்றாவதற்கு முன் அவனைக் கூப்பிட்டுக் கை கொடுத்து அனுப்பிவிட்டார். இப்போது கோதுமைப் பண்ணைகள் பக்கமிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான். அறிவிப்பாளர் நேற்று ராத்திரியே அவன் பெயரைப் பாடினார்.

டெல்மரை நான்தான் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் கேலி. "என்னை மாதிரி முதுகு நேரா உட்கார்ற ஆளு அவனுங்களுக்குக் கிடைக்கவே மாட்டான்க்கா" என்றான். பஸ் வந்து நின்றது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்போதுதான் கேட்டான்.

"நான் நல்லா ஆடுவேன்னு என் பேரைச் சொன்னியா, கூட்டம் வரும்னு சொன்னியா?"

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

எது முதலில் என்று அவன் கேட்கவில்லை. "குளிருது, உள்ளே போ" என்றான்.

இந்தக் கடிதம் போவதற்குள் அவன் வந்திருப்பான். கூட்டத்துக்காகத்தான் தன்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு முதல் வாரமே தெரியுமாம். நீங்கள் தைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லையாம். உங்களிடம் கணுக்கால் பற்றி அவன் பேசவே இல்லை என்கிறான். எனக்குப் புரியவில்லை.

வெர்னா


பாப்லர்
மார்ச் 12

வெர்னா,

இங்கே எல்லோரும் நலம். டெல்மர் மறுபடி சாலை வேலைக்குப் போகிறான். சாயங்காலம் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு எறியக் கற்றுக்கொடுக்கிறான். சாப்பிடுகிறான், தூங்குகிறான்.

கணுக்கால் நான் கட்டிவிட்ட கதை. அவன் சொல்லவில்லை. சமையற்கூடத்தில் சிரித்தபோது என் வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி வெட்கமாக இருந்தது. உனக்கு எழுதினால், "அதெல்லாம் இல்லை சின்னம்மா, விஷயம் வேறு" என்று நீ எழுதுவாய், நானும் மார்செல்லாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கணுக்கால் தேறி வருகிறது என்று எழுதினாய். இல்லாத வலி எப்படித் தேறும்? அந்த வரியைப் படித்ததும் நீ எதையோ மறைக்கிறாய் என்று எனக்கு விளங்கிவிட்டது.

பிறகு ஏன் போர்வையோடு வந்தேன் என்று கேட்பாய். உனக்கென்று வெட்டிய துணியை வேறு ஆளுக்கு மாற்றுவது நம்மிடம் கிடையாது. அதோடு, தோளில் போர்த்தும்போதாவது என் காதில் சொல்வாய் என்று பார்த்தேன். அதற்காகத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ நன்றி என்றாய்.

வேகம் பத்தாதவன் உட்காருவது அவமானமில்லை. நம் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மார்செல்லாவின் மகன் பள்ளியில் மூன்று வருஷம் உட்கார்ந்தான், நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். டெல்மர் எதற்காக உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்திருந்தால் நான் அப்போதும் பஸ் ஏறியிருப்பேன், அவனுக்காக ஏறியிருப்பேன். நீ எங்களைக் கேட்காமல் எங்களை எண்ணிக்கொடுத்தாய்.

நானும் பொய் சொன்னவள்தான். அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டாததை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதே.

யூனிஸ்


கார்சன் ஃபால்ஸ்
ஏப்ரல் 2

அன்புள்ள சின்னம்மா,

அப்படி அழைத்துத் தொடங்குவதற்கே இன்று யோசிக்க வேண்டியிருந்தது. உங்கள் கடிதத்தின் அடியில் பெயர் மட்டும் இருந்ததைப் பார்த்தேன். உங்கள் தோள் எப்படி இருக்கிறது? சித்தப்பா கட்டிலுக்குத் திரும்பிவிட்டாரா?

பருவம் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கெஸ்லர் மறுபடி என் மேஜையில் சாய்ந்தார். தெற்கே இருக்கிற பழங்குடி நிலத்தில் ஒரு பையன் இருக்கிறானாம். பள்ளியில் நிறையப் புள்ளிகள் எடுத்தவன், குடும்பம் பெரியது. "அவங்க வீட்டுக்கு நீயே பேசிடு வெர்னா. என் குரலைக் கேட்டா வச்சிடுவாங்க. உன்னை நம்புவாங்க" என்றார். எண்ணைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

அழைத்தேன். பையனின் அம்மா எடுத்தார். பின்னால் தொலைக்காட்சியும் குழந்தைகளும். நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னதும் குழந்தைகளை அதட்டி அடக்கினார். நீங்கள் மாவுக் கையோடு என் கடிதத்தைப் பிரித்தது எனக்கு அப்போது தெரிந்தது.

"ஆட விடுவாங்களாம்மா?" என்று கேட்டார்.

"விடமாட்டாங்க" என்றேன். "பெஞ்சுல உட்கார வைப்பாங்க. உங்க ஜனங்க பஸ் புடிச்சு வருவாங்கன்னுதான் கூப்பிடறாங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க."

கெஸ்லர் என் மேஜையிலிருந்து கையை எடுத்தார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திங்கட்கிழமை எனக்கு அந்த ஜன்னல் இருக்காது என்று நினைக்கிறேன். இதை உங்களிடம் பெருமையாகச் சொல்லவில்லை. நவம்பரில் சொல்லியிருக்க வேண்டியதை ஏப்ரலில், வேறொரு தாயிடம் சொன்னேன். அவ்வளவுதான்.

அந்த அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்தார். பிறகு நம் ஆட்கள் எங்கே இருந்தாலும் கேட்பதைத்தான் கேட்டார்.

"நீ யாரு பொண்ணு?"

அம்மாவின் பெயரை நான் சொல்லியிருக்கலாம். இறந்து பத்து வருஷமானாலும் அது என்னுடையது, யாரும் ஆட்சேபிக்க முடியாது. ஆனால் வாயில் வந்தது, "பாப்லர் யூனிஸ் ரெட் வில்லோவோட பொண்ணு" என்பதுதான். நம் வழக்கத்தில் அம்மாவின் தங்கையும் அம்மாதான், அதில் தவறில்லை. இப்போது அதைச் சொல்ல எனக்கு இடமிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்காமல் இன்னொரு முறை உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"அவளா! போர்வை தைப்பாளே, அவ பொண்ணா நீ!" என்றார். குரல் மாறிவிட்டது. உங்களை ஏதோ ஒரு கோடைக் கொண்டாட்டத்தில் பார்த்திருக்கிறாராம். அவர் பெயர் டோரா.

"உங்கம்மாவை நான் கேட்டதா சொல்லு" என்றார்.

அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

வெர்னா